உழவு மெசினில் காற்று எடுத்த கதை

1. கருவாடு

“என்ன தம்பி இது, கருவாட்டுக்குச் சாயம் பூசிக் கொண்டந்திரிக்கிறாய்?”

பொத்துவில் கடற்கரையில் ஹோட்டல் வைத்திருந்த ஹாஜியார் என் முதல் மீனைப் பார்த்துச் சொன்ன வார்த்தை இது. கல்முனையிலிருந்து பஸ்ஸில், யாரும் இடித்துவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டு போன பெரிய பாரை மீன். தோலை உரித்து, பதப்படுத்தி, மென்மரத்தில் உடல் செதுக்கி, அதன்மேல் தோலைப் போர்த்தித் தைத்து, தூரிகையால் நிறம் கொடுத்திருந்தேன். என் கண்ணுக்கு அது நன்றாகத்தான் இருந்தது. ஹாஜியார் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். தூரிகை போன வழியெல்லாம் கோடு கோடாகத் தெரிந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பக்கத்திலுள்ள அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்கு விளையாட வெள்ளைக்காரர் வரத் தொடங்கியிருந்தார்கள். சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க இந்தக் கடலின் மீன்களைப் பாடம் பண்ணி மாட்டவேண்டும் என்பது ஹாஜியாரின் ஆசை. முதல் மீன் அவருக்குப் பிடித்துப்போனால் சுவர் முழுவதும் எனக்கு.

“இன்னொரு பாரை ஐஸ்ல கிடக்கு, கொண்டு போ” என்றார். “அதுவும் இப்படி வந்தா எனக்கும் ஒனக்கும் கதையில்ல.”

அக்கரைப்பற்று வரும்வரை அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு திட்டுவதற்கு ஆள் இல்லாமல் என்னைத் திட்டினேன். அவர் சொன்னதில் பிழையே இல்லை. பறவையைப் பாடம் பண்ணினால் இறகின் நிறம் அப்படியே இருக்கும். அலகுக்கும் காலுக்கும் கொஞ்சம் பூசினால் போதும். மீனுக்கு அந்தச் சலுகை கிடையாது. தோல் காய்ந்ததும் நிறமெல்லாம் போய் மண் நிறமாகிவிடும். முழு நிறத்தையும் நாம்தான் திரும்பக் கொடுக்கவேண்டும். பாரையின் முதுகு நீலப் பச்சை, வயிறு வெள்ளி. ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது என்று யாராலும் விரல் வைத்துக் காட்ட முடியாது. அதைத் தூரிகையால் செய்யவே ஏலாது. காற்றில் நிறத்தை ஊதித்தான் செய்யவேண்டும். அதற்கு ஏர்பிரஷ் வேண்டும், என்னிடம் அது இல்லை.

2. பாடம் என்ற சொல்

நான் கொழும்பில் ஒரு அரும்பொருட் காட்சிச்சாலையின் பின்கட்டில் வேலை பழகியவன். செத்த விலங்குகளை உயிரோடு நிற்பதுபோல ஆக்கும் வேலை. தமிழில் அதற்கு ‘பாடம் பண்ணுதல்’ என்று பெயர். இந்தப் பெயரால்தான் எனக்குக் கல்யாணமே ஆனது.

கல்முனையில் பெண் பார்த்த தரகர், “மாப்பிள கொழும்புல பாடம் பண்ற வேலை” என்று சொல்லியிருக்கிறார். என் மாமியார் நான் வாத்தியார் என்று நினைத்துக்கொண்டார். மகள் சபியா ஆசிரியை. மாப்பிள்ளையும் அதே துறை என்று அவருக்கு மிகவும் சந்தோஷம். நிக்காஹ் முடிந்து, கொழும்பு வேலையை விட்டுவிட்டு நான் என் சாமான்களோடு வந்து இறங்கிய அன்று, பெட்டியிலிருந்து ஒரு மரநாய் எட்டிப் பார்த்தது. அன்றைக்குத்தான் அவருக்கு விசயம் விளங்கியது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சேர்ந்தது. மாப்பிள்ளை அங்கே போய்த்தான் இருக்கவேண்டும். மாமி முன்வீட்டை எங்களுக்குத் தந்துவிட்டு, பின்பக்கம் குசினியை ஒட்டிய அறையில் இருந்தார். மருமகனோடு மாமியார் நேருக்கு நேர் கதைப்பதில்லை என்பது அந்தக் காலத்து மரியாதை. மாமி அதைக் கடைசி எழுத்துவரை கடைப்பிடித்தவர். எனக்கு ஏதாவது சொல்லவேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். சபியா பாடசாலைக்குப் போயிருந்தால் வீட்டைச் சுற்றிய வளவில் மேயும் கோழிகளிடம் சொல்வார்.

“சோறு மேசையில ஆறுது. திங்கிறவங்க திண்டா நல்லம்.” இது கோழிக்கு. நான் எழுந்து கை கழுவப் போவேன்.

இதில் கோபமோ வெறுப்போ கிடையாது. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கண் வைத்த உருவம் எதுவும் வளவுக்குள் இருக்கக்கூடாது. உருவம் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார் என்ற வானவர்கள் வரமாட்டார்கள் என்று சபியா மூலம் சொல்லியனுப்பினார். நானும் அதை மறுக்கவில்லை. மரநாயைக் கொழும்பு நண்பன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டு, வளவின் மூலையில் தென்னங்கிடுகுக் கொட்டில் போட்டு, அங்கே கண் வைக்காமலே எல்லா வேலையையும் முடிப்பேன். கண்ணாடிக் கண்களைச் சட்டைப் பையில் கொண்டுபோய், வாங்குகிறவர் வீட்டிலேயே பொருத்துவேன். அந்தப் பழக்கம் எனக்குப் பின்னால் பெரிய உதவி செய்தது.

ஆனால் வேலை என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. மாமியின் தம்பி அக்கரைப்பற்றில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர். சவூதியில் ஒரு பண்டகசாலையில் இடம் இருக்கிறது என்று எனக்குப் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டார். மாத முடிவுக்குள் போகிறேனா இல்லையா என்று சொல்லவேண்டும். மாமிக்கு நான் போகவேண்டும் என்றிருந்தது. அவரையும் குறை சொல்லமுடியாது. வீட்டில் உழைப்பது மகள் மட்டும்.

சபியா மட்டும் தலையை ஆட்டவில்லை. “கலியாணம் முடிச்சது கடிதம் எழுதுறதுக்கா?” என்று கேட்டாள். தன் சம்பளத்தில் சேர்த்ததை எடுத்து என் கையில் வைத்தாள். “போய் அந்த ஊதுற சாமான வாங்கிட்டு வாங்க. இந்த மீனும் சரிவரல்லண்டா போங்க, நான் மறிக்கமாட்டன்.”

அவள் மறிக்கமாட்டேன் என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சவூதிக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதைவிட, இவளை விட்டுப் போகப் பிடிக்கவில்லை. இரண்டாவது பாரையின் தோலை உரித்து, உடல்மேல் போர்த்திக் காயவைத்துவிட்டு அன்றைக்கே கொழும்புக்கு பஸ் ஏறினேன்.

3. கண்ணாடி மேசையில் மூன்று

புறக்கோட்டையில் பெயின்ட் சாமான் விற்கிற கடையில், விற்பனைக்காரர் கண்ணாடி மேசைமேல் மூன்றை எடுத்து வைத்தார்.

முதலாவது டபுள் அக்ஷன். பேனை போல அழகானது. விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் நிறம். ஒரே விரலில் இரண்டும். மயிர்போன்ற கோடும் போடலாம், கையகலமாகவும் ஊதலாம். இரண்டாவது சிங்கிள் அக்ஷன். அடியில் ஒரு சின்னப் போத்தல் தொங்கும். விசை காற்றுக்கு மட்டும். நிறம் எவ்வளவு வரவேண்டும் என்பதை முன்னாலுள்ள திருகில் முன்கூட்டியே வைத்துக்கொள்ளவேண்டும். நிறமும் காற்றும் வெளியில்தான் கலக்கும், அதனால் பொட்டு கொஞ்சம் பெரிது. மூன்றாவது கார் கராஜில் சிறிய இடங்களுக்குப் பெயின்ட் அடிக்கிற துப்பாக்கி. மலிவு. ஆனால் ஒருதரம் ஊதினால் பாரை, மேசை, என் இடுப்புச் சாரம் எல்லாம் ஒரே நிறமாகும்.

என் கை முதலாவதை விட மறுத்தது. கொழும்பு வேலைத்தலத்தில் மேற்பார்வையாளரிடம் அப்படி ஒன்று இருந்தது. நாங்கள் யாரும் தொடக்கூடாது. அந்த ஆசை மனதில் கிடந்தது. சபியா தந்த காசு அதற்குச் சரியாக இருந்தது. அதற்குமேல் ஒரு முழம் குழாய்க்கும் மிஞ்சாது.

“தண்ணி ஊத்தி ஊதிப் பார்க்கலாமா?” என்றேன்.

“பாருங்க நானா” என்றார், அண்ணன் என்ற மரியாதையில்.

பழைய பத்திரிகையில் இரண்டையும் ஊதிப் பார்த்தேன். டபுள் அக்ஷன் பட்டுப்போல வந்தது. பிறகு அதைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். உள்ளே இருந்த ஊசியைப் பார்த்ததும் என் ஆசை பாதி குறைந்தது. அதன் நுனி ஒருதரம் மேசையில் இடித்து வளைந்தால், புது ஊசிக்கு நான் மறுபடி கொழும்புக்கு வரவேண்டும். கல்முனையில் யாரிடம் போய்க் கேட்பது? சிங்கிள் அக்ஷனையோ, கையாலேயே கழற்றி, தின்னரில் போட்டுக் கழுவி, கையாலேயே பூட்டலாம்.

இதைப் படிக்கிற இளையவர்களுக்கு ஒரு வார்த்தை. முதல் ஏர்பிரஷ் வாங்கும்போது அது என்னென்ன செய்யும் என்று கேட்காதீர்கள். உங்களுக்கு என்ன செய்யவேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். மீன் முதுகுக்கு வேண்டியது அகலமான, மெதுவான நிற மாற்றம். மயிர்க்கோடு வேண்டிய இடத்தில் பழைய தூரிகை இருக்கவே இருக்கிறது. நான் சிங்கிள் அக்ஷனை எடுத்தேன். மிச்சக் காசுக்குக் குழாய், தின்னர், காருக்குப் பூசும் லாக்கர் பெயின்டில் நான்கு நிறம் வாங்கினேன். அதுவரை எல்லாம் புத்தியாகத்தான் செய்தேன்.

“கொம்ப்ரசர்?” என்றார் விற்பனைக்காரர்.

“காத்துக்கு நான் ஒரு வழி பாக்கிறன்.”

“அப்ப இந்த வாட்டர் ட்ராப்பாவது எடுங்க. காத்தோட வாற தண்ணிய இது பிடிச்சு வைக்கும். எந்த ஊர்?”

“கல்முனை.”

“கடற்கரைதானே. கட்டாயம் வேணும்.”

“எங்கட ஊர் வெயில்ல கருவாடு ஒரு பகல்ல காயுது” என்றேன். “அங்க காத்துக்குள்ள தண்ணிக்கு எங்க போற?”

அவர் தோளைக் குலுக்கிவிட்டு அந்தச் சின்னக் கண்ணாடிக் குடுவையைத் திரும்பவும் அலுமாரியில் வைத்தார். எனக்கு ஒரு பெரிய செலவை மிச்சப்படுத்திய பெருமை.

4. சில்லு

காற்றுக்கு என் வழி, வளவில் நின்ற உழவு மெசின், அதாவது டிராக்டர். மாமனார் மௌத்தாகிப் போன பிறகு மாமிதான் அதை வைத்துச் சொறிக்கல்முனைப் பக்கத்து வயல்களுக்கு உழவுக்குக் கொடுத்துவந்தார். பெரும்போக அறுவடை முடிந்து மெசின் சும்மா நின்றது. என் நெஞ்சுயரத்துக்குப் பெரிய சக்கரம், அதன் பின்சில்லு. லொறி டயரில் காற்றின் அழுத்தம் மிக அதிகம். நேரே பூட்டினால் நிறம் தெறிக்கும். உழவு மெசினின் பின்சில்லில் அழுத்தம் குறைவு. ஏர்பிரஷுக்கு அளவானது. டயர் கடைக்காரரிடம் வால்வில் பூட்டுகிற பித்தளைத் தலை ஒன்றை வாங்கிக் குழாயில் கட்டினேன்.

சபியா மூலம் மாமியிடம் அனுமதி கேட்டேன். “காத்துத்தானே, எடுக்கட்டும். வத்தினா பம்ப் அடிச்சு வைக்கட்டும்” என்று பதில் வந்தது.

பலகைத் துண்டில் ஊதிப் பார்த்தேன். அருமையாக வந்தது. ஒரே ஒரு குறை, சிறிது நேரத்தில் காற்று இறங்கிப்போய்ப் பம்ப் அடிக்கவேண்டியிருந்தது. இவ்வளவு பெரிய சில்லுக்குள் இவ்வளவுதானா காற்று என்று ஆச்சரியப்பட்டேன். ஆச்சரியப்பட்டதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் நெல் காயப்போட இடம் வேண்டுமென்று மெசின் ஓட்டுகிற டிறைவர் வந்து அதைச் சற்றுப் பின்னால் நகர்த்தி, என் கொட்டிலுக்குப் பக்கத்திலேயே விட்டுப்போனார். எனக்கு வசதியாகப் போயிற்று.

5. கோழிகளுக்குச் சொன்னது

பாரை காய்ந்து தயாரானது. மறுநாள் பொத்துவிலுக்குக் கொண்டுபோகவேண்டும். மாத முடிவும் கிட்டியிருந்தது. சபியா பாடசாலைக்குப் போனபின் வேலையைத் தொடங்கினேன்.

முதலில் வயிற்றுக்கு வெள்ளி. அது காய்ந்ததும் பக்கவாட்டில் மெல்லிய பச்சை. நிறம் ஊத ஊத, தூரிகையால் நான் படாத பாடு பட்டது தானாகவே நடந்துகொண்டிருந்தது. ஒரு கோடும் இல்லை. முதுகுக்கு நீலத்தைப் போத்தலில் ஊற்றிப் பூட்டினேன். எனக்குப் பாட்டு வராது, இருந்தும் ஏதோ முணுமுணுத்தேன்.

பின்கதவில் மாமியின் குரல் கேட்டது. கோழிகளுக்கு.

“மேல இரிந்தது கீழ வந்திட்டு. தண்ணி வரப்போகுது.”

கூரையில் ஏறிய சேவல் இறங்கியிருக்கும், அதற்குத் தண்ணீர் வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். நீலத்தைத் தலையிலிருந்து வால் நோக்கி இழுத்தேன்.

“தண்ணி வரப்போகுது, தண்ணி வரப்போகுது எண்டு சொல்றன். கேக்குதில்லயே ஒண்டும்!”

பாவம், அந்தக் கோழிகளுக்கு இன்றைக்கு என்ன வந்தது என்று எனக்கே இரக்கமாக இருந்தது. குரல் உயர்ந்தது. குசினியில் சட்டி ஒன்று தேவையில்லாமல் சத்தமாக வைக்கப்பட்டது. நான் திரும்பவில்லை.

ஏர்பிரஷ் ஒருதரம் தும்மியது. நீல மூட்டத்தின் நடுவே பளிச்சென்று ஒரு துளி மீனின் முதுகில் விழுந்தது. என்ன இது என்று யோசிக்கும்போதே இன்னொரு துளி, பிறகு பீச்சென்று ஒரு கோடு. ஈரம் பட்ட இடமெல்லாம் லாக்கர் வெளுத்து, பாலாடைபோல் பூத்தது. நான் விசையில் விரலை வைத்தபடியே சிலையாகிவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது மீன் இல்லை, பாஸ்போர்ட்.

“மகன்! குழாயக் கழட்டுங்க! சில்லுக்குள்ள தண்ணி இரிக்கி!”

முக்காட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மாமி வளவின் நடுவில் நின்றார். நிக்காஹ் நடந்த நாளிலிருந்து என்னிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை. எனக்கு மீனைவிட அதுதான் அதிர்ச்சி. குழாயைப் பிடுங்கினேன்.

“சேத்துக்குள்ள சில்லு வழுக்காம இரிக்க பாரத்துக்குத் தண்ணி ஏத்துற. பாதிச் சில்லும் தண்ணி. வால்வு மேல இரிந்தாத்தான் காத்து வரும்.” ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, தான் என்ன செய்தோம் என்பது அப்போதுதான் விளங்கியவர்போல வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சில்லைப் பார்த்தேன். நான் பலகையில் சோதித்த அன்று வால்வு உச்சியில் இருந்தது. டிறைவர் நகர்த்தியதில் அது பக்கவாட்டுக்கு வந்து, தண்ணீர் மட்டத்துக்கு மயிரிழை மேலே நின்றிருக்கிறது. காற்று குறையக் குறைய டயர் அமுங்கி, தண்ணீர் வால்வுக்கு ஏறிவிட்டது. புறக்கோட்டையில் நான் சொன்ன கருவாட்டுப் பெருமை ஞாபகம் வந்தது. அந்த விற்பனைக்காரர் அங்கே இல்லாதது என் அதிர்ஷ்டம்.

துணியைத் தின்னரில் நனைத்து, நீலம் இறுகுவதற்குள் முதுகைத் துடைத்தேன். வயிற்று வெள்ளி காய்ந்திருந்ததால் தப்பியது. பச்சை பாதி போயிற்று. இனி வால்வை மேலே கொண்டுவரவேண்டும். எனக்கு மெசின் ஓட்டத் தெரியாது. செய்வதறியாமல் நின்றபோது பின்கதவு கொஞ்சம் திறந்தது. மெசினைத் தூக்குகிற ஜெக் ஒன்று வெளியே நகர்ந்து வந்தது. கதவு மறுபடி மூடியது.

ஜெக்கை வைத்துத் தூக்கி, சில்லைக் கையால் சுற்றி, வால்வை உச்சிக்குக் கொண்டுவந்தேன். போதாததற்கு, ஒரு தடித்த சோடாப் போத்தலில் இரண்டு குழாய்த் துண்டுகளை இறுக்கி, காற்று அதற்குள் போய் ஈரத்தை விட்டுவிட்டு வரும்படி செய்தேன். கடைக்காரர் அலுமாரியில் திருப்பி வைத்த அதே சாமான்தான், கொஞ்சம் அவலட்சணமாக. சபியா பாடசாலை விட்டு வந்தபோது நான் முதுகின் கடைசி நீலத்தை ஊதிக்கொண்டிருந்தேன்.

“உம்மா ஏன் குசினிக்குள்ள ஒளிச்சிரிக்கிறா?” என்று கேட்டாள்.

“என்னோட கதைச்சிட்டா” என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் நாலா பக்கமும் ஓடின.

6. கண்

ஹாஜியார் மீனை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். சாய்த்துப் பார்த்தார். விரல் நுனியால் முதுகிலிருந்து வயிறுவரை தடவினார். கோடு தேடுகிறார் என்று தெரிந்தது. பிறகு முகத்தைச் சுளித்தார்.

“எல்லாம் சரி. கண்ணெங்க?” முதல் மீனில் கதை கண்வரை போகவே இல்லை.

“மாமிட வளவுக்குள்ள கண் வைக்க ஏலா ஹாஜியார். இஞ்சதான் வைக்கிற.”

சட்டைப் பையிலிருந்து கண்ணை எடுத்து, குழியில் பசை தடவி, அவர் கண் முன்னாலேயே அழுத்தினேன். நான் கையை எடுத்ததும் ஹாஜியார் ஒரு அடி பின்னால் போனார். மீன் அவரைப் பார்த்தது. முன்கூட்டியே கண் வைத்துக் கொண்டுபோயிருந்தால் அவர் ஒரு நல்ல பொம்மையைத்தான் பார்த்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

“அறக்குளா மீன் ஒண்டும் கலவாய் மீன் ஒண்டும் எடுத்து வைக்கிறன்” என்றார். “எப்ப வருவாய்?”

நான் வீட்டுக்கு வந்தபோது சபியா பாடசாலையில் இருந்தாள். மாமி பின்கதவுக்குப் பின்னால் நின்று கோழிகளுக்கு அரிசிக் குறுநொய் வீசிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு கதவோரம் ஒதுங்கினார். முந்தின நாள் நடந்தது நடக்கவே இல்லை என்பதுபோல இருந்தது. எனக்கு யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். குந்தி உட்கார்ந்து ஒரு கோழியைப் பார்த்தேன்.

“ஹாஜியாருக்கு மீன் பிடிச்சிட்டு. இன்னும் ரெண்டு கேக்கிறார். செவர் முழுக்க வேலை இரிக்கும்.”

கதவுக்குப் பின்னாலிருந்து இன்னொரு கைப்பிடி குறுநொய் வந்து விழுந்தது.

“சவூதிக்குப் போறவங்க போகட்டும்” என்றார் மாமி, கோழிகளிடம். “இஞ்ச மெசினுக்குப் பக்கத்தில ஆள் வேணும். என்ட தம்பிக்கிட்டப் போய்ப் பாஸ்போட்ட வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்லவேளை, கோழிகள் மட்டும்தான் பார்த்தன.

பிற்காலத்தில் பலர் என்னிடம் வந்து, கையில் காசு குறைவு, முதலாவதாக எந்த ஏர்பிரஷ் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறார்கள். கையால் கழற்றிப் பூட்டக்கூடியதை வாங்குங்கள், மிச்சத்தைக் காற்றுக்குச் செலவழியுங்கள், வாட்டர் ட்ராப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று சொல்வேன். போகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொல்வேன்: வேலை நடக்கும்போது பக்கத்தில் யாராவது கோழிகளோடு கதைத்தால், விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் கேளுங்கள்.